‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதப் போகிறீர்களா? திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலை வாசலிலோ ஒரு கரும்பலகை இருக்கும். அதில் ‘வரலாற்றில் இன்று’ என்று தலைப்புப் போட்டுத் தினமும் நாலு வரி எழுதுகிற வேலை யாரிடமாவது வந்து சேரும். பெரும்பாலும் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையிடம், இல்லாவிட்டால் ‘உங்கட எழுத்துத்தானே வடிவு’ என்று பிடித்துவிடப்பட்ட ஓர் ஆசிரியரிடம். முதல் கிழமை உற்சாகமாகப் போகும். இரண்டாம் கிழமையிலிருந்து கைபேசியில் தேடி முதலில் வருகிற பக்கத்தை அப்படியே பார்த்து எழுதத் தொடங்குவார்கள். பிறகு பலகையில் எங்கேயோ ஒரு பனிச்சறுக்கு வீரரின் பிறந்தநாள் வரும், அதை ஒருவரும் நின்று வாசிக்க மாட்டார்கள். இந்தக் குறிப்பு அந்த இரண்டாம் கிழமைக்காக எழுதியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் திகதியை எடுத்தாலும் பத்துப் பதினைந்து பெரிய சம்பவங்களும் பிறப்புகளும் கிடைக்கும். உலக வரலாறு அவ்வளவு பெரியது, வருடத்தில் இருப்பதோ 366 திகதிகள்தான். 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க 89 வீத வாய்ப்பு உண்டு, 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். ஆகவே ‘ஒரே நாளில் இத்தனை பேரா, என்ன அதிசயம்!’ என்று எழுதுவதில் ஒன்றுமில்லை. அந்தக் குவியலில் எதை எடுப்பது, எடுத்ததற்குத் திகதி சரியா என்று எப்படிப் பார்ப்பது, இரண்டும்தான் வேலை.

ஊரிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தில் தேடுவதற்கு முன் ஒரு கொப்பியில் நம் ஊரோடு தொடர்புள்ள திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள். திருகோணமலைக்கு இது கஷ்டமே இல்லை. இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் அடிபட்டிருக்கிறார்கள், அடிபட்டவர்கள் திகதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

செப்டெம்பர் 3ஐ எடுத்துக்கொள்வோம், என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பலகைக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. அந்த ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடித்திருந்தார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள், ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் ஏற்கெனவே பிரெஞ்சுக் கொடி. சண்டை இழுபறியில் முடிந்தது, ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. சரி, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே ஏன் அடிபட்டார்கள்? அமெரிக்கச் சுதந்திரப் போர்தான் காரணம். அமெரிக்கர் பக்கம் பிரான்ஸ் சேர்ந்ததும் அந்தப் போர் இந்து சமுத்திரம் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் போரை முடித்துவைத்த பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1783 செப்டெம்பர் 3. சரியாக ஒரு வருடம். இதற்கிடையில் 1783 ஜூன் 20ஆம் திகதி இதே சஃப்ரனும் இதே ஹியூஸும் தமிழ்நாட்டுக் கடலூருக்கு வெளியே இன்னொரு தடவை அடிபட்டார்கள். ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்கு இணங்கிவிட்டார்கள், செய்திதான் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

அதே செப்டெம்பர் 3இல், 1939ஆம் ஆண்டு, பிரித்தானியா ஜேர்மனி மீது போர் அறிவித்தது. அந்தப் போர்தான் இரண்டரை வருடம் கழித்து நம் ஊர் வானத்துக்கு வந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது: 1752ஆம் ஆண்டு பிரித்தானியாவில் செப்டெம்பர் 3 என்ற நாளே கிடையாது. ஏன் என்று நாட்காட்டிப் பகுதியில் சொல்கிறேன், அதை வாசிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள், பலகையில் வருகிற பிழைகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

இந்த நாலையும் பலகையில் எழுதினால் வாசிப்பவர் நின்று வாசிப்பார், ஏனென்றால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறது. அதே நாளில் பிறந்த நாலு நடிகர்களின் பெயரை எழுதினால் அந்த இழுப்பு வராது.

ஏப்ரல் 9ஐயும் எழுதிக்கொள்ளுங்கள். 1942இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிய நாள். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து கப்பல்களை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார்கள், அப்படி அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதே 1942 ஏப்ரல் 9இல்தான் பிலிப்பைன்ஸில் பட்டான் தீபகற்பமும் ஜப்பானியர் கையில் விழுந்தது. பிறப்பு ஒன்று வேண்டுமென்றால், பெரிய இரும்புக் கப்பல்களைக் கட்டிய ஆங்கிலப் பொறியியலாளர் புரூனெல் 1806 ஏப்ரல் 9இல் பிறந்தவர். கப்பல் மூழ்கிய நாளில் கப்பல் கட்டியவர், அவ்வளவு போதும்.

டிசம்பர் 16 வேறு மாதிரியான நாள். அன்று பிறந்தவர்களில் ஆதர் சி. கிளார்க் இருக்கிறார், 1917. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் என்று உலகத்துக்குத் தெரியும். நமக்கு அவர் 1956இல் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் சுழியோடிப் பழைய கோணேசர் கோயிலின் கல்லுகளைப் பார்த்தவர். அதே நாளில் 1775இல் பிறந்தவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின். அவருக்கும் திருகோணமலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அவருடைய தம்பி சார்ல்ஸ் ஒஸ்டின் கடற்படைத் தளபதி, 1852 ஒக்டோபர் 7இல் பர்மாப் போருக்குப் போன இடத்தில் கொலராவில் இறந்தார், அடக்கம் செய்தது திருகோணமலையில். ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள், அக்காவின் நாவல் பரீட்சைக்கு வந்தால் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். டிசம்பர் 16க்கு இன்னும் 1773 பொஸ்டன் தேயிலைக் கலகமும் 1971 பங்களாதேஷ் வெற்றி நாளும் இருக்கின்றன. எழுதலாம், எழுதாமலும் விடலாம். தேயிலை விற்கிற நாட்டில் இருந்துகொண்டு தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை விட எனக்கு மனம் வராது.

ஊர்க் கதை இல்லாத நாள்கள் கட்டாயம் வரும், அதுதான் அதிகம். அப்போது தமிழ் உலகத்துக்கு வாருங்கள். நவம்பர் 7 என்றால் எல்லாருக்கும் கமல்ஹாசன் ஞாபகம் வரும், 1954. அதே நாளில் 1888இல் சி.வி. இராமன், 1867இல் மேரி கியூரி. இருவருமே பௌதிகவியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்கள். கமலைப் பார்த்து நிற்கிற பிள்ளை மற்ற இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் போகும், ஆகவே கமலை விடாதீர்கள். ஜனவரி 17உம் அப்படித்தான்: நம் மலைநாட்டில் பிறந்த எம்.ஜி.ஆர். (1917), குத்துச்சண்டை முகம்மது அலி (1942), அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின் (1706). மார்ச் 27 இன்னும் விசேஷம். விபுலானந்த அடிகள் 1892 மார்ச் 27இல் காரைதீவில் பிறந்தார், திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து ‘மதங்க சூளாமணி’ எழுதியவர். மார்ச் 27தான் பின்னாளில் உலக நாடக தினமாகவும் ஆனது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனாலும் பலகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொப்பியா, கணினியா

எது வசதியோ அது. கொப்பி என்றால் ஒரு திகதிக்கு அரைப் பக்கம் விடுங்கள். கணினியில் எக்செல் என்றால் ஒரு எச்சரிக்கை: 1900க்கு முந்திய திகதிகளை எக்செல் திகதியாக எடுக்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும், பிறகு வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பும். அதனால் மாதம் ஒரு நிரல், நாள் ஒரு நிரல், ஆண்டு ஒரு நிரல் என்று மூன்றாகப் பிரித்து இலக்கத்தில் எழுதுங்கள். மாதத்தையும் நாளையும் வைத்து வரிசைப்படுத்தினால் பலகைக்கு வேண்டிய ஒழுங்கு தானாக வரும். அடுத்த நிரல்களில் சம்பவம், இடம், எந்த நாட்காட்டி, எங்கே பார்த்தது. ‘எங்கே பார்த்தது’ என்ற நிரலை எல்லாரும் வெறுமையாக விடுவார்கள். விடாதீர்கள். ஒரு நாள் யாராவது பெரியவர் வந்து ‘தம்பி, இது பிழை’ என்று சொல்லுவார், அப்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அமெரிக்க இணையப் பக்கங்களில் மாதத்தை முன்னுக்குப் போடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே 04/09/1942 என்று இருந்தால் அது ஏப்ரல் 9, நாம் பழக்கத்தில் வாசித்தால் செப்டெம்பர் 4. நாள் 12க்கு மேல் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், 12க்குள் இருந்தால் தெரியாது. மாதத்தை எழுத்தில் போட்டிருக்கிற இன்னொரு பக்கத்தைத் தேடிப் பிடிக்கும் வரைக்கும் அதைப் பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கிழமை பார்ப்பது ஒரு நல்ல சோதனை. பழைய கட்டுரையிலோ நினைவுக் குறிப்பிலோ ‘அன்று ஞாயிற்றுக்கிழமை’ என்று இருந்தால் நாட்காட்டியில் அந்த ஆண்டுக்குப் போய்ப் பாருங்கள். கொழும்பு மீது ஜப்பானியர் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, அப்படியென்றால் திருகோணமலைத் தாக்குதல் வியாழக்கிழமை. ஒருவர் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால் திகதியோ கிழமையோ ஒன்று பிழை, மேலே தேட வேண்டும்.

நாட்காட்டி என்ற பெரிய தலையிடி

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இப்போது நாம் பாவிக்கிற கிரெகோரியன் நாட்காட்டி 1582 ஒக்டோபரில் வந்தது. அதற்கு முதல் இருந்தது ஜூலியன் நாட்காட்டி, அது சூரியனை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டு போனது. திருத்துவதற்காக 1582 ஒக்டோபர் 4க்கு மறுநாளை ஒக்டோபர் 15 என்று வைத்தார்கள். கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றுக்கொண்டன, போர்த்துக்கலும் அதில் ஒன்று. ஒல்லாந்து மாகாணமும் வெகு சீக்கிரம் மாறிவிட்டது. இங்கிலாந்து மட்டும் 1752 வரைக்கும் பிடிவாதமாக இருந்து, அந்த வருடம் செப்டெம்பர் 2க்கு மறுநாளை செப்டெம்பர் 14 ஆக்கியது. அதனால்தான் அங்கே செப்டெம்பர் 3 காணாமல் போனது. ரஷ்யா 1918 வரைக்கும் மாறவில்லை. ‘ஒக்டோபர் புரட்சி’ நவம்பர் 7இல் வருவது இதனால்தான், அவர்களுடைய பழைய நாட்காட்டியில் அது ஒக்டோபர் 25. மேலே சொன்ன கமல், இராமன், கியூரி வரிசையில் ரஷ்யப் புரட்சியும் வந்து சேருகிறது பாருங்கள்.

கணக்கு இவ்வளவுதான்: 1582 முதல் 1700 பெப்ரவரி வரைக்கும் ஜூலியன் திகதியோடு 10 நாள் கூட்ட வேண்டும். அதன் பிறகு 1800 பெப்ரவரி வரை 11, 1900 பெப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13.

நமக்கு இது எங்கே இடிக்கும் என்றால் பதினேழாம் நூற்றாண்டில். ஒல்லாந்தர் எழுதின திகதியும் ஆங்கிலேயர் எழுதின திகதியும் ஒரே நாளுக்கு 10 நாள் வித்தியாசமாக இருக்கும். 1660 ஏப்ரலில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 வருடத்துக்கு மேல் கண்டி அரசனின் கைதியாக இருந்து 1679இல் தப்பிப் போன றொபேட் நொக்ஸ் ஆங்கிலேயர், அவர் சொல்கிற திகதிகள் பழைய கணக்கு. அதையே ஒல்லாந்தர் ஆவணத்தில் பார்த்தால் 10 நாள் தள்ளி நிற்கும். இரண்டும் சரிதான், இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் 1752க்கு முதல் புதுவருடம் மார்ச் 25இல் தொடங்கியது. அதனால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் திகதிகளில் ஆண்டும் ஒன்று குறைவாக இருக்கலாம். பிராங்ளின் பிறந்தபோது பதிந்தது 1705 ஜனவரி 6, இன்றைய கணக்கில் 1706 ஜனவரி 17. திருத்தாமல் விட்டிருந்தால் எம்.ஜி.ஆரோடு ஒரே நாளில் வந்திருக்க மாட்டார்.

ஒக்டோபர் 12இல் இந்தக் குழப்பத்தை அப்படியே பலகையில் காட்டலாம். 1817 ஒக்டோபர் 12இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி, நம் ஊரின் பெயரை வைத்துக் கடலில் இறக்கிய ‘திருகோணமலை’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் காட்சிக்கு நிற்கிறது. கொலம்பஸ் கரை கண்டதும் ஒக்டோபர் 12தான், 1492. ஆனால் அது ஜூலியன் திகதி, இன்றைய கணக்கில் ஒக்டோபர் 21. உலகம் முழுக்க 12 என்றே கொண்டாடுவதால் மாற்றி எழுதத் தேவையில்லை, பக்கத்தில் ‘பழைய நாட்காட்டி’ என்று சின்னதாகப் போட்டுவிடுங்கள்.

தமிழ் நாட்காட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது, இதை நம் ஊரில் அடிக்கடி காணலாம். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1622இல் சித்திரைப் புத்தாண்டு நாளில் என்று சொல்லப்படுகிறது. உடனே ‘1622 ஏப்ரல் 14’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சித்திரைப் புத்தாண்டு எப்போதும் ஏப்ரல் 14இல் வந்ததில்லை. நம் பஞ்சாங்க வருடம் கிரெகோரியன் வருடத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஏறத்தாழ 60, 70 வருடத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகும். 400 வருடம் பின்னுக்குப் போனால் ஆறு நாள் அளவு குறைய வேண்டும், அதாவது 1622இல் சித்திரை முதலாம் நாள் ஏப்ரல் 8ஐ ஒட்டி வந்திருக்கும். ஆகவே அந்தச் செய்தியை எழுதுவதென்றால் ‘சித்திரைப் புத்தாண்டு நாளில்’ என்று எழுதுங்கள், திகதியை ஒட்டவைக்காதீர்கள். புத்தாண்டு நாளிலேயே பலகையில் போடலாம், அதில் தப்பில்லை.

இதே காரணத்தால் நகரும் நாள்களுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் வேண்டும். திருக்கோணமலைப் பதிகம் பாடிய சம்பந்தருக்கு ஆங்கிலப் பிறந்த திகதி தேடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தால் அது யாரோ அடித்துவிட்டது. அவருக்கு இருப்பது குருபூசை நாள், வைகாசி மூலம். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, மாணிக்கவாசகருக்கு ஆனி மகம். மீலாத் நபி பிறை பார்த்து வருவது, ஒவ்வொரு வருடமும் 11 நாள் அளவு முன்னுக்கு வரும். வெசாக் போயாவோடு போகும். புது வருடக் கலண்டர் கைக்கு வந்தவுடனே உட்கார்ந்து இவற்றை அந்தந்த வருடத் திகதிகளில் பென்சிலால் குறித்துவிடுங்கள், பேனையால் குறித்தால் அடுத்த வருடம் நீங்களே திட்டுவீர்கள்.

நள்ளிரவும் நேர வித்தியாசமும்

சம்பவம் நடந்த இடத்துத் திகதியைத்தான் எழுத வேண்டும், இது பொது விதி. விதியை அப்படியே வைத்துக்கொண்டு நம் நேரத்தையும் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் வைத்தபோது இலங்கையில் 21ஆம் திகதி காலை எட்டரை மணியை நெருங்கியிருந்தது. மறுபக்கமாக, 2004 டிசம்பர் 26 சுனாமி. சுமாத்திராக் கடலில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஏழு மணிக்குக் கிட்ட, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அமெரிக்காவில் அப்போது இன்னும் நத்தார் நாள் மாலை. வெளிநாட்டுப் பக்கம் எதிலாவது டிசம்பர் 25 என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

நள்ளிரவில் நடந்தவைக்குத்தான் சண்டை வரும். பாரதியார் இறந்தது 1921 செப்டெம்பர் 11 என்று பெரும்பாலானோர் சொல்வார்கள், உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் 12 என்பாரும் உண்டு. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஒருவர் மே 31 என்பார், இன்னொருவர் ஜூன் 1 என்பார். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாமல் ‘1981 மே 31 இரவு, ஜூன் 1 விடியும்போது’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். செப்டெம்பர் 11இல் பாரதியைப் போட்டால் பக்கத்தில் 1893இல் சிக்காகோவில் விவேகானந்தர் பேசியதையும், 1906இல் ஜோகன்னஸ்பேர்க்கில் காந்தி சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிவைத்த கூட்டத்தையும் போடலாம். நியூயோர்க் கட்டடங்களை எல்லாருக்கும் தெரியும், அதற்கு ஒரு வரி போதும்.

பழைய பத்திரிகையிலிருந்து எடுக்கும்போதும் கவனம். பத்திரிகையின் மேலே இருக்கிற திகதி அது வெளிவந்த நாள், செய்தியில் ‘நேற்று’ என்று இருந்தால் ஒன்று கழிக்க வேண்டும், ‘நேற்று முன்தினம்’ என்றால் இரண்டு.

பிறந்த திகதி என்பது எவ்வளவு நிச்சயம்?

நினைப்பதைவிடக் குறைவு. பழைய காலத்தில் பிறப்பைப் பதியவில்லை, ஞானஸ்நானத்தைப் பதிந்தார்கள். பீத்தோவன் 1770 டிசம்பர் 17இல் ஞானஸ்நானம் பெற்றார், அதனால் 16இல் பிறந்திருக்கலாம் என்று ஊகம். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம், 23 என்று கொண்டாடுவது வழக்கம். இப்படியானவர்களுக்கு ‘பிறந்தார்’ என்று அடித்து எழுதாமல் ‘பிறந்ததாகக் கொள்ளப்படும் நாள்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் இன்னொரு கதை. முந்தைய தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியரே ஒரு திகதியைப் போட்டுவிடுவார், வீட்டில் சாதகக் கொப்பியில் வேறொன்று இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதுவதானால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஊர்த் திகதிகள் எங்கே கிடைக்கும்? ஒருவர் இறந்த முப்பத்தொராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கிற ‘கல்வெட்டு’ என்கிற நினைவுப் புத்தகம், பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், இவை மூன்றையும் விடாமல் தேடுங்கள். வீட்டு அலுமாரிகளில் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய பத்திரிகைக்கும் மலர்களுக்கும் ‘நூலகம்’ என்கிற எண்ணிம நூலகம் இருக்கிறது, காசு இல்லாமல் பார்க்கலாம். அதில் பழைய வீரகேசரி தேடினால் அதன் பிறந்தநாளையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் இதழ் 1930 ஓகஸ்ட் 6. பதினைந்து வருடம் கழித்து அதே நாளில் ஹிரோஷிமா. நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள், கல்லில் வெட்டின திகதியை யாரும் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. உயிரோடு இருக்கிற சாதாரண ஆட்களின் பிறந்த திகதியைப் பலகையில் போட வேண்டாம். அது அவர்களுடைய சொந்த விஷயம், அதோடு இந்தக் காலத்தில் அதை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள்.

இரண்டு இடத்தில் பார்த்தால்தான் எழுதுவது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். ஆனால் ஒரே வசனம் சொல்லுக்குச் சொல் இரண்டு பக்கத்தில் இருந்தால் அது இரண்டு அல்ல, ஒன்றுதான். விக்கிப்பீடியாவில் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்து பாருங்கள், திகதி வித்தியாசப்பட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிற ‘இன்று இவரின் பிறந்தநாள்’ எதையும் நம்ப வேண்டாம்.

எப்படி எழுதுவது

மூன்று, மிஞ்சினால் நாலு செய்தி. பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிப்பதென்றால் இரண்டே போதும், வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதற்கு மேல் காதில் ஏறாது. ஆண்டை முன்னுக்குப் போடுங்கள், பிறகு இடம், பிறகு என்ன நடந்தது. ‘தலைசிறந்த’, ‘ஒப்பற்ற’, ‘மாபெரும்’ எல்லாவற்றையும் வெட்டுங்கள், இடமும் மிச்சம், வெண்கட்டியும் மிச்சம். இப்படி:

செப்டெம்பர் 3
1752 – பிரித்தானியாவில் இப்படி ஒரு நாளே இல்லை. நேற்று 2ஆம் திகதி, இன்று 14!
1782 – திருகோணமலைக் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதின.
1783 – அந்தப் போர் பாரிஸில் முடிவுக்கு வந்தது.
1939 – பிரித்தானியா அடுத்த பெரிய போரில் இறங்கியது. அது நம் ஊருக்கு வந்த திகதி தெரியுமா?

கடைசி வரியில் ஒரு கேள்வி விட்டால் நாலு பேராவது வந்து பதில் சொல்லுவார்கள். விடையை மறுநாள் மூலையில் எழுதிவிடுங்கள், மறந்துவிட்டால் பிறகு யாரும் பதில் சொல்ல வர மாட்டார்கள்.

துக்க நாள்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை நம் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றைய பலகையில் அந்த ஒரு செய்தி மட்டும் இருக்கட்டும். அதே நாளில் யார் பிறந்தார், எந்த ரொக்கட் போனது என்று கீழே சேர்க்க வேண்டாம், கேள்வியும் வேண்டாம். டிசம்பர் 26க்கும் அப்படியே. கணினியைப் பற்றி முதலில் யோசித்த சார்ல்ஸ் பாபேஜ் 1791இல் பிறந்த நாள் அது, அவரை வேறொரு நாளைக்கு, ஒக்டோபர் 18இல் அவர் இறந்த நாளுக்கு மாற்றிவிடலாம். அதோடு, பலகையை வாசிக்கிறவர்களில் அந்தந்த வீட்டுக்காரரும் இருப்பார்கள் என்பதால், இப்படியான செய்தியை எழுதுவதற்கு முன் அதிபரிடமோ வாசிகசாலைப் பொறுப்பாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுவது நல்லது.

எழுதி முடித்ததும் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, திகதிப் பெயரில் சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் அதே நாளுக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும், போன வருடம் போட்டதை மாற்றிப் புதிதாக ஒன்று சேர்த்தால் போதும். வேலை இன்னொருவர் கைக்குப் போனாலும் படங்களையும் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

பெப்ரவரி 29க்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். அன்று பிறந்தவர்களில் பரதநாட்டியத்தை மேடைக்குக் கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904), இந்தியப் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் (1896) இருவரும் உண்டு. நாலு வருடத்துக்கு ஒரு தடவைதான் பலகைக்கு வருவார்கள் என்பது அநியாயம் என்று சிலர் 28இலும் சிலர் மார்ச் 1இலும் போடுகிறார்கள். நான் 28இல் போடுவேன், பெப்ரவரியில் பிறந்தவரை மார்ச்சுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ‘29’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் போதும்.